முதலில் வந்தவர்கள்



இலக்கியம் பேசவேண்டிய இந்த நேரத்தில் ஒரு சிறிய நூதனசாலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். கதைகள் நூல்களில் மாத்திரம் இருப்பதில்லை. ஒரு பழைய கேத்திலிலும் இருக்கும். ஒரு வண்டிற் சில்லிலும் இருக்கும். அதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமற் போனால் கேத்தில் வெறும் தகரமாகிவிடும். இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட இடம் கனடாவில், ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கிறது.

கடந்த கோடைகாலத்தில் அக்காவைப் பார்க்க அங்கு போயிருந்தேன். ஸ்காபரோ என்ற பெயர் நம்மில் பலருக்கு ஓர் உறவினரின் பெயரைப் போலப் பழகிப்போன ஒன்று. எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அங்கே ஒரு தம்பியோ மாமியோ இருப்பார்கள். கொத்துரொட்டிக் கடை, நகைக் கடை, கோயில், தமிழ்ப் பெயர்ப்பலகை என்று வீதிகள் நிறைந்திருக்கின்றன. நயாகராவையும் பார்த்தாயிற்று, கோயில்களையும் பார்த்தாயிற்று. இனி எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது, பன்னிரண்டு வயதுப் பேரன்தான் சொன்னான், பள்ளிக்கூடத்தால் தங்களை ஒரு பழைய மர வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள் என்று. அக்காவின் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். 1989ஆம் ஆண்டிலிருந்து அங்கே வாழும் அக்கா ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை.

“உது வெள்ளைக்காரற்ற பழங்கதை. எங்களுக்கு உதுக்குள்ள என்ன கிடக்கு?” என்றார் அக்கா. ஆனாலும் என்னோடு வந்தார்.

பிரிம்லி வீதியோரமாகத் தொம்சன் நினைவுப் பூங்கா விரிந்து கிடக்கிறது. புல்வெளி, பெரிய மரங்கள், ஒரு சிற்றோடை. ஞாயிற்றுக்கிழமையாதலால் நம்மவர் குடும்பங்கள் சில, அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் இளைஞர் சிலர் கிரிக்கெற் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தடியிலிருந்து சற்று ஒதுங்கி, மரங்களுக்கிடையில் ஸ்காபரோ நூதனசாலையின் சில சிறு கட்டடங்கள் நிற்கின்றன. 1858இல் கட்டப்பட்ட கோர்னெல் குடும்பத்தாரின் பண்ணை வீடு ஒன்று. 1962இல் அதைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அடுத்தது மக்கோவன் குடும்பத்தாரின் மரக்குற்றி வீடு. அதை 1974இல் கொண்டுவந்தார்கள். இன்னொன்று பழைய வண்டிப் பட்டறை ஒன்றின் மாதிரி. கொழும்பு நூதனசாலையைப் பார்த்த கண்ணுக்கு இவையெல்லாம் விளையாட்டு வீடுகள் போலத்தான் தெரியும். சிங்காசனமும் இல்லை, வாளும் இல்லை. இருப்பவை சட்டி, பானை, தொட்டில், நூல் நூற்கும் இராட்டினம் முதலியன.

மக்கோவன் என்ற பெயரைக் கேட்டதும் அக்கா திடுக்கிட்டார். “நான் தினமும் மக்கோவன் றோட்டாலதானே வேலைக்குப் போய் வந்தனான்! அது ஒரு ஆளின்ர பேரெண்டு எனக்குத் தெரியாது” என்றார். நாம் வாழும் வீதியின் பெயர் ஒரு மனிதருடையது, அவருக்கும் ஓர் அடுப்பும் தொட்டிலும் இருந்தன என்று அறியும்போது ஊர் கொஞ்சம் நமக்கு நெருங்கிவருகிறது.

அந்தக் குற்றி வீட்டுக்குள் குனிந்துதான் நுழைந்தோம். கோடரியால் செதுக்கிச் சதுரமாக்கிய மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். இடைவெளிகளைச் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கணப்பு. சமையலுக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். எங்களுக்கு விளக்கம் சொன்னவள் ஒரு பல்கலைக்கழக மாணவி. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கி, “நீங்கள் தமிழோ?” என்று கேட்டாள். அவளுடைய பெற்றோரின் ஊர் வடமராட்சியாம். உடைந்த தமிழும் ஆங்கிலமுமாக, ஸ்கொத்லாந்துக்காரரின் கதையை அவள் எங்களுக்குச் சொன்ன அழகை நான் மறக்கமாட்டேன்.

அவள் சொன்னவற்றோடு நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 1793இல் இந்தப் பகுதிக்கு வந்த துணை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, ஏரிக்கரையின் உயர்ந்த வெண்மையான மண் செங்குத்துகளைக் கண்டு, தம் நாட்டின் யோர்க்‌ஷயர் கரையிலுள்ள ஸ்காபரோவை நினைத்துக்கொண்டார். அந்தப் பெயரே இங்கும் நிலைத்தது. 1796இல் ஸ்கொத்லாந்தின் தென்பகுதியான டம்பிரீஸ் பிரதேசத்தைச் சேர்ந்த டேவிட் தொம்சனும் மனைவி மேரியும் இந்தச் சிற்றோடைக் கரையில் வந்து குடியேறினார்கள். இப்பகுதியில் நிலையாகக் குடியமர்ந்த முதல் ஐரோப்பியர் அவர்களே. பூங்காவும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

அந்நாளில் அங்கே குடியேறியவருக்குக் கிடைத்தது நிலமன்று, காடு. மேற்கனடா என்று அழைக்கப்பட்ட அம்மாகாணத்தின் விதிகள் கடுமையானவை. காணி உறுதி வேண்டுமானால் ஐந்து ஏக்கரையாவது வெட்டி வெளியாக்கி வேலியடைக்க வேண்டும். 16 அடிக்கு 20 அடி அளவில் ஒரு வீடு கட்ட வேண்டும். தன் காணிக்கு முன்னால் வீதியும் திறக்க வேண்டும். வெட்டிய மரங்களை என்ன செய்வது? குவித்துக் கொளுத்தினார்கள். அந்தச் சாம்பலே முதல் விளைச்சல். சாம்பலில் நீரூற்றி வடித்து, அந்த நீரைப் பெரிய இரும்புக் கிடாரங்களில் வற்றக் காய்ச்சி எடுத்த காரம் சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் பயன்பட்டதால் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. முதற் கோதுமைக்கு முன்னர் அவர்கள் கையில் காசைக் கொடுத்தது, தாங்கள் எரித்த காட்டின் சாம்பல்தான்.

டேவிட் தொம்சன் ஒரு கல்வேலைக்காரர். காட்டை நம்பிச் சீவிக்க முடியாதாகையால், பத்து மைலுக்கு அப்பால் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த யோர்க் நகரத்தில், அதாவது இன்றைய ரொறன்ரோவில், கட்டட வேலைக்குப் போனார். காட்டுப் பாதையில் நடந்துபோய், நாட்கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்வார். அத்தனை நாளும் மேரி சிறு பிள்ளைகளோடு காட்டுக்குள் தனியே. கரடியும் ஓநாயும் உலவிய காடு. அயல்வீடு என்று ஒன்று இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கணப்பின் ஓரமாகக் கிடந்த வாங்கில் உட்காரப் போனார். காட்சிப்பொருளில் இருக்கக்கூடாது என்று நான் கையைப் பிடித்தேன். நின்றபடியே மெல்லிய குரலில் சொன்னார்:

“தம்பி, நாங்கள் வந்த புதுசில பதினாலாம் மாடியில இருந்தம். அத்தானுக்குப் பகல் பக்ரறியில வேலை, இரவு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறது. கிழமைக்கு ஒருநாள்தான் ஆளை முழிப்பில காணலாம். வெளியில பனி. பாஷையும் தெரியாது. இரண்டு பிள்ளையளோட கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பன். இந்த மனுசிக்குக் கரடிப் பயம். எனக்கு ரெலிபோன் பயம். இரவில அடிச்சால் ஊரில ஆரோ போயிட்டினம் எண்டு அர்த்தம்.”

நேயர்களே, அக்காவோடு தொலைபேசியில் எத்தனையோ வருடங்கள் பேசியிருக்கிறேன். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு ஸ்கொத்லாந்துப் பெண் வந்துதான் என் தமக்கையின் வாயைத் திறக்கவேண்டியிருந்தது. இலக்கியம் செய்யும் வேலை என்று நாம் இந்தத் தொடரில் அடிக்கடி பேசுகிறோமே, அது இதுதான்.

அடுத்து வண்டிப் பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு சில்லைக் கண்டதும் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். மரச் சில்லுக்கு இரும்புப் பட்டை போடும் முறையை அந்தப் பிள்ளை விளக்கத் தொடங்கினாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சில்லின் சுற்றளவைவிடப் பட்டையைச் சற்றே சிறிதாக வளைத்து ஒட்டுவார்கள். நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் சில்லின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் ‘சுர்’ரென்று சுருங்கி, குடம், ஆரக்கால், வட்டை எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறையில், அப்புவின் வண்டிலுக்கு இதே வேலை நடந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆவி கிளம்பும்போது ஓடி ஒளிந்தும் இருக்கிறேன். ஸ்கொத்லாந்துக் கொல்லனும் யாழ்ப்பாணத்துக் கொல்லனும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். இரும்பு இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அப்புவின் அந்தச் சில்லு என்னவாயிற்று என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பூங்காவை அடுத்து ஒரு தேவாலயமும் இடுகாடும் உண்டு. செங்கல்லால் கட்டிய சென். அன்ரூஸ் தேவாலயம் 1849ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டேவிட்டும் மேரியும் அந்த இடுகாட்டில்தான் துயில்கிறார்கள். அதன் அருகே ஒரு சின்னஞ்சிறு மரக் கட்டடம். தொம்சன் குடும்பம் வந்து நூறு வருடம் நிறைந்ததை நினைவுகூர, 1896இல் ஊரவர்கள் கட்டிய நூல்நிலையம் அது. அதற்கும் முன்னரே, 1834இல், சந்தா சேர்த்துப் புத்தகம் வாங்கிப் படிக்கும் நூல்நிலையம் ஒன்றை அந்த விவசாயிகள் தொடங்கியிருக்கிறார்கள். வயலில் மரக்கட்டைகளின் வேர்கள்கூட முழுதாக அகன்றிராத காலம் அது. நூறாண்டு நிறைவுக்குச் சிலை வைத்திருக்கலாம், கோபுரம் கட்டியிருக்கலாம். அவர்கள் நூல்நிலையம் கட்டினார்கள்.

அதன் முன்னால் நிற்கும்போது, 97,000 நூல்களோடு 1981இல் எரிந்த நம் நூலகத்தை நினையாமல் இருக்க முடியுமா? அதுவும் ஊரவர் காசு சேர்த்து, ஒரு தனிமனிதரின் வீட்டில் தொடங்கி வளர்த்த நூலகம்தான். அக்காவும் நானும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

நாங்கள் விடைபெறும்போது அந்த மாணவி ஒன்று சொன்னாள்: “இவை முதல் வந்த ஆக்கள் எண்டு போட்டிருக்கு. ஆனால் அது சரியில்லை. நேரமிருந்தால் தேபர் ஹில்லையும் போய்ப் பாருங்கோ.” 

மறுநாள் மருமகனின் காரில் போனோம். பத்து நிமிடத் தூரம். வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சாதாரணக் குடியிருப்பின் நடுவே, புல் மூடிய ஒரு மேடு. 1956இல் இவ்விடத்து மண்ணை அள்ளியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 700 வருடங்களுக்கு முன் புதைக்கப்பட்ட, சுமார் 500 பேரின் எலும்புகள். ஐரோப்பியர் இக்கரையை எட்டிப்பார்ப்பதற்கு முன்னரே சோளம் விளைவித்து, நீண்ட மனைகளில் கூடி வாழ்ந்த முதற்குடி மக்களின் கூட்டுச் சமாதி அது. வீடு கட்டுவதை அந்த இடத்தில் நிறுத்தி, முதற்குடியினரின் சடங்குகளோடு எலும்புகளை மீண்டும் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அம்மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மண் வளம் குன்றியதும், பத்து இருபது வருடங்களுக்கு ஒருமுறை, ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அப்படிப் போகும்போது, அதுவரை இறந்தவர்களின் எலும்புகளையெல்லாம் உறவினர் எடுத்துத் துப்புரவாக்கி, ஒரே குழியில், விருந்தோடும் அழுகையோடும் சேர்த்து அடக்கம் செய்வார்கள். ஒருவரையும் தனியே விட்டுவிட்டுப் போவதில்லை.

அந்த மேட்டில் அக்கா நெடுநேரம் நின்றார். எங்கள் அம்மா 1995 இடப்பெயர்வின்போது ஊரைவிட்டு வெளியேறி, அடுத்த வருடம் வன்னியில் கண்மூடினார். கீரிமலைக்கு அந்தியேட்டிக்குக் கொண்டுபோக வழியில்லை. அக்கா கனடாவில், நான் கொழும்பில். “இந்தச் சனம் எங்களைவிடக் குடுத்துவைச்சதுகள்” என்று மட்டும் சொன்னார்.

ஸ்காபரோவும் அதனைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பும் 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கு உட்பட்டவை. அவற்றால் இழைக்கப்பட்ட அநீதிக்காக ஏழு முதற்குடிச் சமூகங்கள் நெடுங்காலம் வழக்காடின. 2018இல்தான் கனடிய மத்திய அரசும் ஒன்ராறியோ மாகாண அரசும் இணங்கிவந்து, 111 கோடி டொலர் இழப்பீடும் மன்னிப்பும் வழங்கின. தொம்சன் தம்பதியரின் துணிவை இது குறைத்துவிடாது. ஆனால் ‘முதலில் வந்தவர்’ என்ற சொல்லை இனி நான் கொஞ்சம் கவனமாகத்தான் பாவிப்பேன்.

கவனம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். காடு வெட்டியவருக்கு அங்கே காணி கிடைத்தது. அவர் பெயரில் வீதி இருக்கிறது, பூங்கா இருக்கிறது. நம் நாட்டு மலைகளிலும் காடு வெட்டினார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் திறந்த துரைமாரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. மன்னாரிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து வந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து, அந்த மலைகளை வெட்டித் திருத்திய மக்களுக்கு ஒரு பேர்ச் காணியும் உரித்தாகவில்லை. 1948இல் அவர்களுடைய குடியுரிமையும் பறிபோயிற்று. எத்தனை வீதிக்கு அவர்கள் பெயர் இருக்கிறது? கம்பளைக்கு அண்மையில், பழைய பீக்கொக் தோட்டத்து லயன் அறைகளில், 2007இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சிறு நூதனசாலை அமைத்திருக்கிறார்கள். அவர்கள் பாவித்த பாத்திரம், கருவி, பத்திரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் உல்லாசமாகப் போகும் நம்மில் எத்தனைபேர் அங்கே இறங்கிப் பார்த்திருக்கிறோம்? அக்கா பத்து நிமிடத் தூரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை என்று சிரித்த எனக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இனி அந்தச் சில்லின் கதை. யுத்தம் முடிந்து ஊர் வீட்டைப் போய்ப் பார்த்தபோது, வண்டில் இல்லை. மரமெல்லாம் உக்கிப்போய், இரும்புப் பட்டை மட்டும் கிணற்றடியில் பற்றைக்குள் கிடந்தது. வளவு துப்புரவாக்க வந்தவர்கள் கேட்டார்கள், “ஐயா, இது வேணுமோ?” நான் வேண்டாமென்றேன். பழைய இரும்பு வாங்க வந்தவர் அதை நிறுத்துக் காசு தந்தார். எவ்வளவு என்பதுகூட நினைவில்லை. அதைத்தான் ஸ்காபரோவில், வேறொருவரின் நூதனசாலையில், கண்ணாடிக் குவளையைப் பார்ப்பது போல் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அந்த வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். நிலக்கீழ் அறையில் ஒரு மண்ணிறச் சூட்கேஸ். 1989இல் கொண்டுவந்தது. “உதெல்லாம் குப்பை, எறியத்தான் வேணும்” என்று நான் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தேபர் மேட்டிலிருந்து திரும்பிய அன்று இரவு அதைத் திறந்தோம். ஒரு பித்தளை மூக்குப்பேணி. தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த, அளவில்லாத ஒரு குளிரங்கி. அம்மாவின் நீலநிற விமானக் கடிதங்கள் ஒரு கட்டு. ஊரில் ரெலிபோன் இல்லாத நாட்களில் அம்மா பேசிப் பதிந்து, கொழும்புக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய ஒலிநாடாக்கள் மூன்று. அவற்றைப் போட்டுக் கேட்க அந்த வீட்டில் இப்போது கருவி இல்லை.

பேரன் மூக்குப்பேணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அம்மம்மா, இதால பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துறதோ?” என்று கேட்டான்.

அக்கா சிரிக்கவில்லை. அவனுடைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னார். நூதனசாலையில் ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஒரு சிறு சீட்டு இருந்ததல்லவா? யாருடையது, எந்த வருடம், எதற்குப் பாவித்தது என்று. அதுபோல எழுதத் தொடங்கினார். அவர் தமிழில் எழுத, பேரன் கீழே ஆங்கிலத்தில் எழுதினான். ‘இது என் தாயாரின் பேணி. வாயில் படாமல் அண்ணாந்து குடிப்பது.’ ‘இது நான் கனடாவில் போட்ட முதல் குளிரங்கி. இரண்டு பிள்ளைகளையும் இதற்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.’ இரவு ஒருமணி வரை எழுதினார்கள். பேரன் இடைக்கிடை கேள்வி கேட்டான். அக்கா பதில் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். நூறு வருடங்களின் பின்னர் கனடாவில் யாராவது ஒரு பேரப்பிள்ளை, எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கத்தான் போகிறது. பதில் அரசாங்க ஏடுகளில் கொஞ்சம் இருக்கும். மிச்சம் சூட்கேசுக்குள்தான் இருக்கும், யாராவது ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தால்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று மூலையில் கிடக்கும். மலையகத்தில் ஒரு கொழுந்துக் கூடையாக இருக்கலாம். மன்னாரில் ஒரு வலைக்கல்லாக இருக்கலாம். மட்டக்களப்பில் நெல் அளக்கும் ஒரு மரக்காலாக இருக்கலாம். பழைய இரும்புக்காரர் வாசலில் மணியடிக்கும் முன் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். யாருடையது என்று தெரிந்தவர் இன்னும் வீட்டில் இருந்தால், இன்றைக்கே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் கேட்கத் தவறியவன். அதனால்தான் சொல்கிறேன்.